எதிர்ப்பக்கம் சுற்றும் பம்ப்

அப்பா விட்டுப்போன அமெரிக்கக் காரை என் அண்ணன்மார் இருவருமே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவர் மஸ்கட்டில் இருக்கிறார், மற்றவர் கோயம்புத்தூரில். தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் இருப்பவள் நான். வண்டி ஓட்டுவதில் ஆசை உள்ளவளும் நான்தான். எட்டு சிலிண்டர் இன்ஜினும் மூன்று பேர் தாராளமாக உட்காரும் முன் இருக்கையுமாக அந்த நீளமான பச்சை வண்டி, பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிற என்னிடம் வந்து சேர்ந்தது.

அதற்கு ஒரே ஒரு வியாதி. இருபது கிலோமீட்டர் ஓடினால் கொதித்துவிடும். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். பார்த்த மெக்கானிக் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை மாற்றிக் கொடுத்தார்கள். போன வருஷம் நானே இணையத்தில் தேடி, அமெரிக்காவிலிருந்து புத்தம்புது வாட்டர் பம்ப் ஒன்றை வரவழைத்து மாட்டவைத்தேன். போல்ட் துளைகள் ஒன்றுகூடப் பிசகாமல் பொருந்தின. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் வண்டி முன்னைவிடச் சீக்கிரமாகக் கொதிக்க ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை தூத்துக்குடியிலிருந்து திரும்பும்போது முக்காணி தாண்டியதும் அன்றைக்கு இரண்டாவது முறையாகப் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி நின்றேன். பைக்கின் பின்னால் சாக்கில் ஏதோ இரும்புச் சாமானைக் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் நிறுத்தினார். முப்பத்தைந்து வயது இருக்கும். பானெட்டைத் திறந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். எதையும் தொடவில்லை. ஆவி அடங்குகிற வரைக்கும் அரைமணி நேரம் அப்படியே நின்றார்.

"நீங்க கார் மெக்கானிக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். மீன்பிடி போட்டு இன்ஜின் பாக்கேன். ஆலந்தலையில செட்டு இருக்கு." நான் டீச்சர் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். பின் இருக்கையில் விடைத்தாள் கட்டு கிடந்தது.

"இதைப் பாக்க முடியுமா?"

"கார் பாத்ததில்ல. ஆனா சூடு எல்லா இன்ஜினுக்கும் சூடுதான். கொண்டு வாங்க, ரெண்டு பேரும் பாப்போம்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு முன்னால் பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்த மாத்திரத்திலேயே இன்னதுதான் என்று சொன்னவர்கள்.

அடுத்த சனிக்கிழமை வண்டியை லாரியில் ஏற்றி ஆலந்தலைக்குக் கொண்டுபோனேன். அவர் செட் கடலைப் பார்த்த தகரக் கொட்டகை. வெளியே பைபர் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது, பாதி ஒட்டுப்போட்டபடி. அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, காது கொடுத்துக் கேட்டார். பிறகு ரேடியேட்டர் அடைத்திருக்கும் என்றார். கழற்றி, குழாயை வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். மேலே விட்ட தண்ணீர் தங்கு தடையில்லாமல் கீழே கொட்டியது.

"நான் நெனச்சது தப்பு டீச்சர்," என்றார், நேரம் என்ன என்று சொல்வதுபோல. எனக்கு என் வகுப்பறை ஞாபகம் வந்தது. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைத் தப்பாக எழுதிவிட்டால் அதை ஒத்துக்கொள்ள நான் எவ்வளவு சுற்றி வளைப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் வேலை தொடங்கியது. தரையில் தார்ப்பாயை விரித்து, தண்ணீர் ஓடும் வழியில் இருந்த ஒவ்வொன்றையும் கழற்றி, தண்ணீர் போகிற வரிசையிலேயே அடுக்கினார். ஒவ்வொன்றும் எதிலிருந்து வந்தது என்று எனக்குக் காட்டினார்.

ரேடியேட்டர் லாரியினுடையது. நல்லதுதான், ஆனால் பருமன் வேறு என்பதால் முன்னால் தள்ளிப் பொருத்தியிருந்தார்கள். அதனால் காத்தாடிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. காத்தாடி இழுக்கிற காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ரேடியேட்டர் மூடி ஏதோ சின்னக் காரினுடையது, கழுத்துக்குள் அழுந்தி உட்காரவில்லை. சூடாகிற வரைக்கும் தண்ணீரை நிறுத்திவைக்கிற தெர்மோஸ்டாட்டைக் காணவே காணோம். யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். கீழ் ஹோஸ் வயல் பம்ப்செட்டுக்குப் போடுகிற குழாய். உள்ளே ஸ்பிரிங் கிடையாது.

"காலையில நீங்க ஆக்சிலேட்டரை மிதிச்சப்ப பாத்தேன். இது சப்பிப் போச்சு. பம்பு உறிஞ்சுது, குழாய் ஒட்டிக்கிடுது. பிறவு தண்ணி எங்கன போவும்?"

எனக்குக் கோபம் வந்தது. "இத்தனை வருஷம் ஆளாளுக்கு எங்களை ஏமாத்திருக்காங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். இந்தக் குழாயப் போட்டவரு, அன்னைக்கு ரோட்டுல கெடச்சதை வச்சு உங்க அப்பாவ வீட்டுல கொண்டு சேத்திருக்காரு. அவரு செஞ்சது சரிதான். அதுக்குப் பிறவு யாரும் முழுசாப் பாக்கல, அவ்வளவுதான்."

கடைசியாக என் பம்பைக் கழற்றினார். "அது புதுசுல்லா தம்பி, அதுல ஒண்ணும் இருக்காது," என்று முந்திக்கொண்டு சொன்னேன். "பழசு இருக்கா?" என்று அவர் கேட்டார். அப்பா எதையும் எறியமாட்டார், நானும் அப்படித்தான். பழைய பம்ப் கார் டிக்கியிலேயே ஒரு துணிமூட்டையில் கிடந்தது. அவர் அதை எடுத்துவந்து புதியதின் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் திருப்பி, உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தைக் காட்டினார்.

"நீங்களே பாருங்க."

வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப்பிள்ளைகள். உள்ளே, பழையதின் இலைகள் ஒரு பக்கம் வளைந்திருந்தன, புதியதின் இலைகள் மறுபக்கம்.

"போட்டுக்கு அடியில சுத்துற காத்தாடியில வலஞ்சுத்து, இடஞ்சுத்துன்னு ரெண்டு உண்டு. மாத்தி மாட்டுனா போட்டு முன்னால போவாது. இது இதே இன்ஜினோட பிந்துன மாடலுக்கு உள்ளதா இருக்கும். அதுல பெல்ட்டு வேற மாதிரி போயி, பம்பை எதிர்ப்பக்கம் சுத்தும். உங்க வண்டியில இது சுத்துது, ஆனா தண்ணிய முழுசாத் தள்ளல. முக்காவாசி சும்மா கலக்கிக்கிட்டு இருக்கு."

வெட்கத்தில் எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "பாக்ஸு மேல எந்தச் சுத்துன்னு எழுதியிருந்தாலும் நானும் இதைத்தான் வாங்கியிருப்பேன்," என்றார். அது உண்மையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பழைய பம்பையே சீர் செய்வது என்று முடிவானது. பேரிங்கும் சீலும் தூத்துக்குடியில் அளவு பார்த்து வாங்கி, லேத் பட்டறையில் அழுத்திப் பொருத்திக்கொண்டு வந்தார். ஸ்பிரிங் வைத்த ஹோஸ், சரியான மூடி, தெர்மோஸ்டாட் மூன்றையும் நான் வரவழைத்தேன். இந்த முறை ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு படத்தையும் வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். அவர் கேட்கிற அளவை நான் விற்பவருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கேட்பேன். இரண்டு மூடிகளை வேண்டாம் என்றார். மூன்றாவது மூடிக்கு 'சரி' என்று ஒரு சொல் வந்தது.

அந்த ஒரு சாண் இடைவெளிக்கு அவர் செய்த வழிதான் இன்றைக்கும் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் நான் நின்று பார்ப்பது. அட்டையை வெட்டி அளவெடுத்து, அதன்மேல் படகுக்குப் போடுகிற பைபர் துணியை விரித்து, பிசினைத் தடவித் தடவி, காத்தாடியைச் சுற்றி ஒரு கூடு செய்தார். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். இப்போது காத்தாடி இழுத்தால் ரேடியேட்டர் வழியாக மட்டும்தான் காற்று வரும். படகுக்கு அடித்ததுபோக மிச்சமிருந்த நீலப் பெயின்டைப் பூசியிருந்தார்.

எல்லாம் பூட்டி, தண்ணீர் ஊற்றி, காற்று வெளியேறும்வரை ஓடவிட்டு, சோதனைக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் தாண்டும்போது சூடு காட்டும் முள் மெல்ல ஏறிச் சிவப்பைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டினேன். இத்தனை வாரமும் வீண் என்று நினைத்தேன்.

அவர் இறங்கிப் போய் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். "ஆவி இல்ல. தண்ணி குறையல. இன்ஜின் சத்தமும் மாறல," என்றார். திரும்பி வந்து முள்ளைப் பார்த்தார். "எனக்குப் புரியல டீச்சர்."

அப்போதுதான் எனக்கு வகுப்பில் செய்கிற ஒரு காரியம் தோன்றியது: அளக்கிற கருவியை முதலில் சரிபார்ப்பது. "தம்பி, நாம பாக்கது தண்ணியோட சூட்டையா, முள்ளையா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திங்கட்கிழமை பள்ளி ஆய்வகத்தில் சொல்லிவிட்டு ஒரு தெர்மாமீட்டர் எடுத்துக்கொண்டேன். மாலை செட்டில் அவர், சூட்டை அறிந்து முள்ளுக்குச் சொல்லும் சின்னப் பித்தளைக் குமிழைக் கழற்றி, அதன் வயரைப் பிரிக்காமல், காரின் இரும்பு உடம்பிலிருந்து இன்னொரு வயரும் கொடுத்து, அடுப்பில் இருந்த தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தார். நான் தெர்மாமீட்டரைப் படித்துச் சொல்ல, அவர் மனைவி காருக்குள் உட்கார்ந்து முள்ளைப் படித்துச் சொன்னார். தண்ணீர் எழுபது டிகிரியைத் தாண்டியபோதே, "செவப்புக்கு வந்துட்டு," என்று காருக்குள்ளிருந்து குரல் கேட்டது. குமிழும் வேறு ஏதோ வண்டியுடையது. அது மட்டும் எங்கள் தார்ப்பாய் வரிசையில் சேராமல் தப்பியிருந்தது.

"இதைக் கண்டுபிடிச்சது டீச்சர்தான்," என்று அவர் மனைவியிடம் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மாணவியைப்போல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சரியான குமிழ் வந்த பிறகு, நாசரேத் ஆலயத்தில் ஊரே சேர்ந்து சாப்பிடும் அசனப் பந்தி நடந்த அன்று, ஆலந்தலையிலிருந்து அவரையும் அவர் மனைவியையும் காரில் கூட்டிக்கொண்டு போனேன். உச்சி வெயில். முள் பாதியில் நின்றது, அங்கேயே இருந்தது. வழியில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச தூரம் நீங்கள் ஓட்டுங்கள் என்று சாவியை நீட்டினேன்.

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாது டீச்சர்," என்றார். "போட்டுதான் தெரியும்."

மூன்று பேரும் முன் இருக்கையிலேயே உட்கார்ந்து போனோம். அவர் மனைவி நடுவில் இருந்துகொண்டு, ரோட்டின் இருபுறமும் நெல் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.