பசை அண்ணனின் மஞ்சள் லேபிள்

லேபிள் அச்சடிக்கும் அந்தக் கம்பெனியில், பசைப் பிரிவில் இருபத்தேழு வருடமாக வேலை பார்ப்பவருக்குப் பசை அண்ணன் என்று பேர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பசையுள்ள ஆள் என்றால் நாலு காசு உள்ளவன் என்று அர்த்தம். இவரிடம் இருந்தது நிஜப் பசைதான். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்துப் பார்த்தே, இந்தப் பசை ஜாம் பாட்டிலுக்கு, இது மருந்துப் பெட்டிக்கு என்று சொல்லிவிடுவார். தவிர, ஒரு விஷயத்தைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். பேர் வைத்தவன் அதையும் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

அவர் பிடித்து விடாத விஷயங்களில் பெரியது தொழிலாளர் உதவி நிதி. தொழிலாளிகள் மாதா மாதம் தங்கள் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அக்கம்பக்கத்தில் நல்ல காரியம் செய்யும் சின்னச் சின்னக் குழுக்களுக்கு உதவுவார்கள். கால்பந்து ஆடும் பெண் பிள்ளைகளுக்கு பூட்ஸ், பார்வை இல்லாதவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் குழுவுக்கு ஒலிப்பதிவுக் கருவி, முதியோர் மன்றத்துக்கு நாற்காலிகள். யாருக்கு எது என்று முடிவு செய்வதும் தொழிலாளிகளின் கமிட்டிதான். பசை அண்ணன் பதினோரு வருடமாக அதன் செயலாளர். எல்லாரும் வேண்டாம் என்று ஒதுங்கிய பதவி என்பதால் போட்டியும் கிடையாது.

முதல் வருடமே ஒரு கூத்து நடந்தது. முதியோர் மன்றத்துக்கு நாற்காலி கொடுத்த அன்று மன்றத் தலைவர் மைக்கைப் பிடித்து, "மேலாளர் அய்யாவின் தங்கமான மனசுக்கு நன்றி" என்றார். மேலாளர் அதை மறுக்கவில்லை. எழுந்து நின்று கும்பிடு வேறு போட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பசை அண்ணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேக்கிங் பிரிவில் நாளெல்லாம் நின்று வேலை செய்யும் பெண்களின் காசு அது.

அந்த வாரமே லேபிளைத் தயார் செய்தார். இரண்டு சாண் அகலம். மஞ்சளில் கறுப்பு எழுத்து. 'தொழிலாளர் உதவி நிதியின் அன்பளிப்பு.' காகிதம், மருந்துப் பெட்டிக்கு முத்திரையாக ஒட்டுகிற வகை. உரித்தால் முழுதாக வராது, பொடிப் பொடியாகத்தான் வரும். பசை, வெயிலிலும் மழையிலும் கிடக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களுக்கானது. அன்றிலிருந்து நிதி கொடுத்த எந்தப் பொருளும் அந்த லேபிள் இல்லாமல் வெளியே போனதில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். பசை அண்ணன் கொடுத்தால் நாலு தெருவுக்குத் தெரியும்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லாரும் தையல்காரம்மா என்பார்கள். ஜாக்கெட் பிடிக்கிறது, பேண்ட் நீளம் என்று வந்தவர்கள் தங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போவார்கள். ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தது. அதற்காகப் பசை அண்ணன் அழுதே விட்டார். பிறகு அந்தப் பேச்சிலேயே தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவளுக்கு ஒரே அக்கா, நாலு தெரு தள்ளி. முப்பது வருடமாகச் சாயந்திரம் நாலு மணிக்கு இவள் அங்கே போவாள். ஆறு மணிக்குச் சண்டை போட்டுக்கொண்டு திரும்புவாள். அக்காவுக்கு மூட்டு வலி, வாசல் தாண்ட முடியாது. இப்போது இவளாலும் முடியாது. ஏழு மாதமாக எல்லாம் போனில்தான். "போன்ல சண்டை போட்டா வச்சிடறா. நேர்லன்னா அவளால எந்திரிச்சுப் போக முடியாது" என்று அலுத்துக்கொள்வாள். போன வாரம் அக்கா ஒரு செய்தி சொன்னாள். வெளியூரில் இருக்கும் மகன் மாதக் கடைசியில் வந்து அவளைத் தன்னோடு கூட்டிப்போகிறான். வீட்டைக் காலி செய்கிறார்கள். அன்று முழுக்கத் தையல்காரம்மா யாரோடும் பேசவில்லை. பசை அண்ணனுக்கு அது பயமாக இருந்தது.

மறுநாளே பழைய பள்ளிக்கூடத்தின் பின்கட்டுக்குப் போனார். ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருத்தர் அங்கே சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கட்டில் எல்லாம் வைத்துக்கொண்டு வேண்டியவர்களுக்கு இரவல் கொடுக்கிறார். இருபது சக்கர நாற்காலிகள் நிதி கொடுத்தவை. அத்தனையின் முதுகிலும் பசை அண்ணனே தன் கையால் உருளை வைத்து அழுத்தி லேபிள் ஒட்டியிருந்தார். ஒன்றைத் தள்ளிக்கொண்டு, கொஞ்சம் கர்வத்தோடுதான் வீட்டுக்கு வந்தார்.

"எங்க, பின்பக்கம் திருப்புங்க" என்றாள் மனைவி.

திருப்பினார். அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பது போல மெதுவாக வாசித்தாள்.

"நான் உட்கார மாட்டேன்."

"ஏம்மா? இது நம்ம நிதி. என் காசும் இதுல இருக்கு."

"அது எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியுமா? நேத்து வரைக்கும் எல்லாருக்கும் தைச்சுக் குடுத்தவ நான். முதுகுல போர்டு மாட்டிக்கிட்டு அவங்க முன்னாடி போகச் சொல்றீங்களா?"

அவர் ஒரு துண்டை எடுத்து நாற்காலியின் முதுகில் போட்டார். இரண்டடி தள்ளியதும் விழுந்தது.

"துண்டெல்லாம் நிக்காது. உறை தைக்கணும். மேல மடிப்பு, ரெண்டு பக்கமும் நாடா." அவள் தன் வலது கையைப் பார்த்தாள். "தைக்கிறதுக்குக் கை வேணுமே."

"அளவெல்லாம் இவ்வளவு கரெக்டா சொல்றே?"

"பதினொண்ணு தைச்சிருக்கேன்" என்றாள்.

பசை அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் விளங்கியது. அஞ்சு வருடமாக யார் யாரோ வந்து, இந்த அளவில் ஒரு உறை தைத்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி தன் மகனைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவதற்கு. ஒரு பெரியவர், மகளுடைய கல்யாணத்தில் உட்கார. எதற்கு உறை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. ஒரு பெண்மணி மட்டும், "வண்டி குடுத்தவங்க நல்லா இருக்கட்டும், இந்த எழுத்தை மட்டும் கொஞ்சம் சின்னதா போட்டிருக்கலாம்" என்றாளாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"முதல் முதலா அந்த லேபிளை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுனீங்களே, அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பார்த்தேன். சொல்ல மனசு வரலை. சரி, நீங்க ஒட்டுங்க, நான் மூடறேன்னு விட்டுட்டேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மேலாளர் ஒரு நாள் செய்ததை அவர் பதினோரு வருடமாகச் செய்திருக்கிறார். கும்பிடு போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எழுந்து நகத்தால் லேபிளின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். கடுகளவு வந்தது.

மூன்று நாள் சாயந்திரம் அந்த வேலைதான் நடந்தது. கத்தியை எடுத்தார், அவள் அதட்டி வைக்கச் சொன்னாள். எண்ணெய் தேய்த்தார், வாசனைதான் மிச்சம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கடைசியில் அவள்தான் வழி சொன்னாள்.

"இஸ்திரிப் பெட்டியை எடுங்க. ஈரத் துணியை மேல போட்டுத் தொட்டுத் தொட்டு எடுங்க. சூடு கம்மியா இருக்கட்டும், ரெக்சின் சுருங்கிடும். என்னங்க பசை போட்டீங்க?"

"பீப்பாய்ப் பசை."

"நல்ல வேளை, கல்யாணத்துல நமக்கு அதைத் தடவலை."

ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். சூட்டில் இளகிய துணுக்குகளை அவர் ஒரு பக்கமிருந்தும் அவள் தன் இடது கையால் மறு பக்கமிருந்தும் உரித்தார்கள். அன்பளிப்பு போயிற்று, உதவி போயிற்று. தொழிலாளர் என்ற சொல் வந்தபோது பசை அண்ணனின் கை கொஞ்சம் நின்றது. அவள் அதைக் கவனித்தாள். அவர் உரித்தார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. இனிமேல் எந்தப் பொருளிலும் லேபிள் வேண்டாம், ஒட்டியதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று பசை அண்ணன் சொன்னதும், அவருக்கு ஜுரமோ என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"நாம பேர் போடலைன்னா மறுபடி மேலாளர் வந்து கும்பிடு போடுவார்" என்றாள் பேக்கிங் பிரிவு அக்கா. கடைசி வரிசையில் அன்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எரிந்தவள் அவள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வேறு காரணம் ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று பசை அண்ணனுக்கு ஒரு கணம் தோன்றியது. வீட்டு விஷயத்தை வெளியே பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் சொன்னார். நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுபோனது, அவள் உட்கார மறுத்தது, பதினொரு உறை, இஸ்திரிப் பெட்டி வைத்து உரித்தது, எல்லாவற்றையும் தலை குனிந்தபடியே சொன்னார். "நம்ம பேர் நர்ஸம்மா அறைச் சுவத்துல இருக்கட்டும். எவ்வளவு பெருசா வேணும்னாலும் எழுதிக்குவோம். ஒருத்தர் முதுகுல மட்டும் வேண்டாம்" என்றார்.

பேக்கிங் அக்கா மேசை மேல் முழங்கையை ஊன்றினாள். "எத்தனை இஸ்திரிப் பெட்டி வேணும்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். அவள் நல்ல புடவை கட்டி, தலை வாரச் சொல்லி, அவர் எடுத்த வகிடு கோணல் என்று மறுபடியும் வாரச் சொன்னாள். வாசலில் இருந்த ஒற்றைப் படியில் நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து இறக்கினார். முதல் தெருவில் அவள் தலையை நிமிர்த்தவில்லை. பெட்டிக்கடைக்காரர், "என்ன தையல்காரம்மா, ஆளையே காணோம்" என்று மட்டும்தான் கேட்டார். இரண்டாவது தெருவில் தானே ஒருத்தியைக் கூப்பிட்டு, அவள் போட்டிருந்த ஜாக்கெட்டின் தோள்பட்டை சரியில்லை, எவள் தைத்தது என்று விசாரித்தாள்.

அக்கா வீட்டில் பாதிச் சாமான்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அக்கா கட்டிலை விட்டு எழ முடியாமல் இரண்டு கையையும் நீட்டினாள். பசை அண்ணன் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்தினார். தங்கையின் செத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அக்கா வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை மேலும் கீழும் பார்த்தாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. யாரு குடுத்தா?"

பதில் சொல்ல அவரிடம் பதினோரு வருடப் பேச்சு இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இவளோடதுதான் அக்கா" என்றார்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். அவரை உள்ளே கூப்பிட யாருக்கும் நினைவில்லை. முதலில் அழுகை கேட்டது. பிறகு குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் அம்மாவின் வெள்ளிக் கிண்ணத்தை யார் தொலைத்தது என்று இருவர் குரலும் ஏறின. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, துடைத்துக்கொண்டார்.

ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. கிளம்பலாமா என்று கேட்க எழுந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க வேணா போங்க" என்றாள் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "நான் இப்ப வரமாட்டேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.