கொம்பைலரை மாற்றாத சுகந்தி

சுகந்தி காலமான செய்தி கைபேசியில் வந்தபோது, மூக்குக்கண்ணாடி இல்லாமலே பதில் போட்டேன். கைகூப்புவதாக நினைத்து நான் அழுத்தியது கைதட்டும் படம். "அப்பா, செத்தவீட்டுக்குக் கைதட்டினது நீங்கள் ஒராள்தான்," என்றாள் மகள். சுகந்தி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

யுத்த காலத்தில் எங்கள் மீனவர் சங்கக் கந்தோரில் இருந்த ஒரே கணினி, உப்புக்குளத்தில் தன் வீட்டிலிருந்து அவர் தூக்கி வந்தது. கடற்படையின் பாஸ் இல்லாமல் யாரும் கடலில் இறங்க முடியாது; மீறி இறங்கினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. பெயர்களை அகரவரிசையில் அடுக்கிப் பாஸ் அச்சிடும் புரோகிராமையும் அவரே எழுதியிருந்தார்.

ஒரு நாள், பழைய பாஸ்கள் அன்றோடு முடிகின்றன. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் ஜெனரேற்றர் இரைய, புரோகிராம் ஊர்ந்தது.

"கொம்பைலரை மாத்தினா கெதியா ஓடும். மாத்துவமோ, அண்ணை?" என்று கேட்டார் சுகந்தி.

நான் சங்கச் செயலாளர். "பழைய ஆளை எப்பிடித் திடீரெண்டு நிப்பாட்டுறது, தங்கச்சி? பிள்ளைகுட்டிக்காரனோ?" என்று கேட்டேன். கந்தோரே சிரித்தது. கொம்பைலர் ஆளில்லையாம், நாம் எழுதுவதைக் கணினியின் பாஷைக்கு மாற்றும் மென்பொருளாம்.

புதியதைப் போட்டுப் பார்த்தார். பாய்ந்தது. ஆனால் வந்த பாஸில் பெயர் என் மகன் ஜூட்டுடையது. வயதும் அடையாள அட்டை இலக்கமும் முள்ளிக்குளத்தில் படகுகள் வைத்திருந்த கிழட்டுச் சம்மாட்டி ஒருவருடையவை. என் பிள்ளை என்னைவிட மூத்தவனாகியிருந்தான். தமிழ் எழுத்துக்குரிய எண்களைப் புதியது மறை எண்களாக, பூச்சியத்துக்குக் கீழானவையாக எடுத்து வரிசையைக் குழப்பிவிட்டதாம். திருத்த நாளெடுக்கும். விடிந்தால் இறங்குதுறையில் பாஸ் காட்ட வேண்டும்.

"புதுசிலையே அச்சடி பிள்ளை. பிழையை வெட்டி எழுதுவம்," என்றார் தலைவர்.

"வெட்டின பாஸை நேவி எடுக்காது. கெதியாப் பிழைவிட மிசின் எதுக்கு? அதுக்கு நாங்கள் இருக்கிறம்தானே," என்றார் சுகந்தி. "நடுக்கடலிலை மறிச்சு, அட்டையும் பாஸும் பொருந்தாட்டி ஆர் போய் விளக்கம் சொல்லுறது?"

பழையதையே ஓட்டினார். 'வ' முடிந்து, வரிசையின் கடைசியில் நிற்கும் 'ஜ' வரப்போகும்போது ஜெனரேற்றர் எண்ணெய் தீர்ந்து இருமி நின்றது. ஜூட், ஜோசப், ஸ்ரனிஸ்லாஸ் என்று வேதக்காரப் பெயர்களெல்லாம் மிச்சம்.

வீட்டுக்கு ஓடி, மகனின் போட் எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினேன். பொழுதுபடும் நேரத்தில் எல்லாப் பாஸும் வந்தன, ஒரு பிழையில்லாமல். மறுநாள் மற்றவர்கள் கடலுக்குப் போக, ஜூட் புதுப் பாஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கரையில் நின்று என்னை ஏசினான்.

"அண்ணை தன்ர பிள்ளையின்ர எண்ணெயையே ஊருக்குத் தந்தவர்," என்று எல்லோர் முன்னும் சொன்னார் சுகந்தி. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு பேச்சுத்தான். அதற்குத் தலையை ஆட்டிக்கொண்டேனே தவிர, ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை: பாஸ் இல்லாவிட்டாலும் அவன் கடலுக்குப் போயிருப்பான், தங்கச்சி, எண்ணெய் இல்லாவிட்டால் போக மாட்டான்.