அப்பா பாதியில் வைத்த சோறு

பிப்ரவரி பதினொன்று, புதன்கிழமை, மாலை ஆறு நாற்பது. அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் நாற்பத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட் குளிர், வடக்குக் காற்று, மழை இல்லை. சப்பாத்தியைப் பதினோரு முறை மென்றதும் என் தாடை நின்றுவிட்டது. மூன்று நிமிடம் சும்மா இருந்தால் வலி போகிறது. மென்றால் திரும்ப வருகிறது. ஆறு நாளாக இப்படி.

“மாமா, சப்பாத்தி ஹார்டா இருக்கா? ஃப்ராங்கா சொல்லுங்க,” என்றாள் மருமகள்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவுக்கு ஐம்பத்தாறு. ஒரு கவளத்தை முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும் என்பது அவர் வீட்டில் போட்ட சட்டம். எண்ணும் வேலை கடைக்குட்டியான எனக்கு. ஒரு நாள் அவரே பதினைந்தில் நிறுத்திவிட்டார்.

“அப்பா, இன்னும் பதினேழு பாக்கி!”

“ஒங்கம்மா வேக வெச்ச கொத்தவரங்காய்க்கு முந்நூறு தடவ மெல்லணும்டா.”

அண்ணன்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. நானும் அதைத்தான் சாப்பிட்டேன், நன்றாகவே வெந்திருந்தது. அந்த ருசிக்கு என் நாக்கு இன்றும் ஏங்குகிறது.

கை கழுவப் போனபோது, கொல்லையில் அப்பா இரண்டு கைகளாலும் தாடையை அழுத்திக்கொண்டு நின்றார்.

“அம்மாகிட்ட மூச்சு விடாத. டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போயிடுவா.”

அண்ணன்மார் நால்வருக்கும் கிடைக்காத ரகசியம்! மறுநாளிலிருந்து பதினைந்தில் அவர் என்னைப் பார்ப்பார். நான் “முப்பத்திரண்டு” என்பேன். வாழ்க்கையில் நான் பொய்யாக எண்ணியது அந்தப் பதினெட்டு நாட்கள்தான். அம்மா சோற்றைக் குழைய வடித்தாள், காயை மசித்தாள். ஆனாலும் தட்டில் பாதி மிஞ்சியது.

பிறகு ஒரு காலை, எட்டு மணி வெயிலில், “ஏன் இன்னும் வெளக்கு ஏத்தல?” என்று அப்பா கேட்டார்.

தன் சமையல் அவருக்கு இறங்காததால்தான் சத்துக் குறைந்து கண் போனது என்று அம்மா முடிவுகட்டிக்கொண்டாள். முருங்கையும் பொன்னாங்கண்ணியுமாகப் பிசைந்து ஊட்டினாள். அப்பா மறுக்கவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. பல்வலிக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் இருந்துவிட்டேன்.

“சப்பாத்தி நல்லாத்தாம்மா இருக்கு. எனக்குத்தான் தாடை வலி. தலை வாரினாலும் வலிக்குது,” என்றேன் மருமகளிடம். அவள் தட்டைக்கூட எடுக்காமல் கார் சாவியை எடுத்தாள்.

தலைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அழற்சி என்றார் டாக்டர். சிலருக்குத் தாடையில்தான் முதலில் தெரியுமாம். விட்டால் கண்ணைப் பறித்துவிடுமாம். அன்றே மாத்திரை தொடங்கியதால் என் பார்வை தப்பியது.

அப்பாவின் கண் போன பிறகு அம்மா இருபத்திரண்டு வருடம் இருந்தாள், தன் கையையே நொந்துகொண்டு. அவளிடம் அந்தத் தாடையைப் பற்றிச் சொல்ல எனக்கு இருந்தவை எட்டாயிரத்து முப்பத்தைந்து நாட்கள்.