வலப்பக்க விளக்கு

எங்கள் காரின் வலப்பக்க விளக்கு முதல்முறை அணைந்தது, ராசிபுரம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது. அடுத்த குழியில் சக்கரம் இறங்கியதும் தானாகவே எரிந்தது. பக்கத்து இருக்கையில் சாய்ந்திருந்த என் கணவர் கண்ணைத் திறக்காமலே, "லைட்டு போயிட்டு வருது" என்றார். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். மூடிய இமைக்கு வெளியே வெளிச்சம் குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

சிறுநீரகம் இரண்டும் அவரைக் கைவிட்ட பிறகு, நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் பொறுப்பானது. நான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். எங்களுக்கு மதியத்தில்தான் மெஷின் கிடைக்கும். எல்லாம் முடிந்து கிளம்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். நான்கு வழிச் சாலை இருக்கும்வரை கவலையில்லை. எதிரே வருவதற்கும் நமக்கும் நடுவில் தடுப்பு உண்டு. ராசிபுரத்துக்குப் பிறகு வரும் தடுப்பில்லாத சாலைதான் மதியத்திலிருந்தே என் நினைப்பில் ஓடும்.

ஊர் எலெக்ட்ரீஷியன் பல்பை மாற்றிக் கொடுத்தார். எரிந்தது. சரியாகிவிட்டது என்று நம்பினோம்.

அந்த வாரமே, பொழுது மங்கும் மசங்கல் நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். மரவள்ளிக் கிழங்கு வெட்டும் காலம். குச்சிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே மெதுவாக வந்தது. அதன் பின்னால் ஒரு தனியார் பஸ். பஸ் பொறுமையிழந்து டிராக்டரைத் தாண்ட என் பக்கம் வந்தது. என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும் என்று நான் நினைத்தேன். அது ஒதுங்கவில்லை. நேராக, முழு வெளிச்சத்தோடு, என் கண்ணுக்குள் வருவதுபோல வந்தது. காதில் ஹாரன் தவிர வேறெதுவும் இல்லை.

"எடது" என்று அவர் சொன்னார். கத்தவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு என் கை திரும்பியது. கார் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கிக் குலுங்கி, ஒரு புளியமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. பஸ் போன காற்றில் கார் ஆடியது.

என் கால் பிரேக்கை விட்டு வர மறுத்தது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஊசி குத்திய இடது கையை நெஞ்சோடு அணைத்திருந்தார். வலது கை முன்பலகையைப் பிடித்திருந்தது. அவர் முகத்தில் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதர் அவர். இப்போது வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சத்தமாகக் கேட்டது. எனக்கு பஸ்ஸைவிட அந்த முகம்தான் பயமாக இருந்தது.

பைக்கில் மாட்டுக்குச் சோளத்தட்டுக் கட்டு ஏற்றி வந்த ஒருவர் நிறுத்தி இறங்கி, காரின் முன்னால் போய்ப் பார்த்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா, உங்களுக்கு எடது லைட்டு மட்டுந்தான் எரியுதுங்க. ஓரமா பைக்கு வருதுன்னு நெனச்சுட்டானுங்க பஸ்காரன்."

அப்போதுதான் விளங்கியது. அந்த டிரைவரின் கண்ணுக்கு நான் உட்கார்ந்திருந்த பாதி கார் இல்லவே இல்லை.

அதற்கு மேல் ஓட்ட என்னால் முடியாது என்று சொன்னேன். என் கணவர் தண்ணீர் கேட்டார். அளவாகத்தான் குடிக்க வேண்டும், ஒரு வாய் குடித்தார். பிறகு, பின்னால் வரும் டவுன் பஸ்ஸை முன்னால் போகவிட்டு அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு போகச் சொன்னார். அப்படியே போனேன். பஸ் நின்ற இடமெல்லாம் நானும் நின்றேன். வீட்டு வாசலில் இறங்கியபோது என் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது.

காலையில் சுவிட்சைப் போட்டால் இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அணைந்தே கிடந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எரிகிற விளக்கை எப்படி நம்புவது? மறுநாள் மறுபடி மருத்துவமனை. வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்தவர் வண்டியில் வாந்தியெடுத்துக்கொண்டு வர முடியாது என்றார் அவர். அது உண்மைதான். பெரும்பாலான நாள் வழியில் நிறுத்த வேண்டியிருக்கும்.

"நாமளே பாத்தர்லாம். நீ பானட்டத் தொற" என்றார்.

வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். பானட்டுக்குள் கைவிடாமல் நின்றேன். பேட்டரி பக்கத்தில் தீப்பொறி பறக்கும் என்று யாரோ சொன்னது மனதில் இருந்தது. பன்னிரண்டு வோல்ட் ஆளைக் கொல்லாது, ஆனால் கையில் இருக்கும் வளையலைக் கழற்றிவிடு என்றார். கழற்றினேன்.

விளக்கை எரியவிட்டு, முதலில் மட்கார்டைத் தட்டச் சொன்னார். தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. பல்புக்குப் பின்னால் சொருகியிருக்கும் ஹோல்டரைப் பிடித்து ஆட்டச் சொன்னார். லேசாக அசைத்ததுமே விளக்கு அணைந்தது. கையை எடுத்தால் எரிந்தது. நேற்று எங்களைக் கொல்லப் பார்த்தது இந்த விரலளவு இடத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் மறுபடி ஒருமுறை அசைத்துப் பார்த்தேன்.

ஹோல்டரைப் பிடுங்கினேன். ஓரமெல்லாம் உருகிப் பழுப்பேறியிருந்தது. கருகிய வாடை. அவருடைய பழைய லாரிப் பெட்டியில் இருந்த டெஸ்ட் லாம்ப்பை எடுத்துவரச் சொன்னார். ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். ஒரு வயரை ஹோல்டரில் கரன்ட் வரும் இடத்திலும் இன்னொன்றைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தேன். எரிந்தது. அந்த இன்னொன்றை ஹோல்டரில் கறுப்பு வயர் வந்து சேரும் எர்த் முனைக்கு மாற்றினேன். ஹோல்டரை வெளியே இழுத்துப் பிடித்திருந்த நிலையில் எரியவில்லை.

"கரன்ட்டு வருது. திரும்பிப் போறதுக்குத்தான் வழியில்ல. கறுப்பு வயரு எங்க போயி முடியுதுன்னு பாரு."

கறுப்பு வயர் விளக்குக்குக் கீழே பாடியில் ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டே தெரியாத அளவுக்குத் துரு. வயரின் செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. குலுங்கும்போது விட்டுவிடும், நின்றால் தொட்டுக்கொள்ளும். அதைச் சொல்லத் திரும்பினேன். அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது.

டெஸ்ட் லாம்ப் கையிலிருந்து விழுந்தது. "ஏனுங்க" என்றேன். நாற்காலிக்கு ஓடி அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்து, "தூங்கக் கூடவா உடமாட்டே?" என்றார். அவர் காலடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே அடைத்து வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன். நீங்க இல்லாதப்ப நான் பாத்துக்கோணும்னுதான் இதெல்லாம் சொல்லித் தர்றீங்களா என்றேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்குக் குனிய முடியல புள்ள. அதுக்குத்தான் உன்னைய உட்டுப் பாக்கறேன்." பிறகு, "நேத்து பயந்துட்டேன். ஓட்டறப்ப ஒரு நாளும் தெரியல. பக்கத்துல சும்மா உக்காந்து வந்தாத்தான் எவ்வளவு பயம்னு தெரியுது" என்றார்.

இத்தனை வருடம் அவர் லாரியில் போன ராத்திரிகளில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள் நான்.

விளக்கின் கண்ணாடிக்குள்ளும் தண்ணீர் இறங்கி, உள்ளே பாதரசம்போல மின்ன வேண்டிய பகுதி கறுத்திருந்தது. விளக்குக் கூட்டையே, டூமை, முழுதாக மாற்ற வேண்டும் என்றார். பக்கத்து வீட்டம்மாவை அவருக்குத் துணை வைத்துவிட்டு, சேலத்துக்கு பஸ் ஏறினேன். இந்தப் பழைய மாடலுக்கு டூம் கிடைக்காது என்று இரண்டு மூன்று கடையில் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு பாய் கடையில், பரண்மேல் தேடி எடுத்தார் கடைக்காரர். வலதா இடதா என்று அவர் கேட்டதும் எனக்குக் குழம்பிப்போனது. முன்னால் நின்று பார்த்தால் வலதா, உள்ளே உட்கார்ந்தால் வலதா? தப்பாக வாங்கிப் போனால் நாளைக்கு என்ன செய்வது?

"நீங்க உக்காந்து ஓட்டுறப்ப எந்தக் கை பக்கம்மா?" என்று கேட்டார். வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

சாயங்காலம் மாட்டினோம். துருவை உப்புத்தாளால் தேய்த்து, வயருக்குப் புது முனை வைத்து, போல்ட்டை இறுக்கினேன். உருகிய ஹோல்டரை வெட்டியெறிந்துவிட்டுப் புதியதை இணைத்து டேப் சுற்றினேன். ஹோல்டரை ஆட்டிப் பார்த்தேன். அணையவில்லை. அவர் போதும் என்று சொன்ன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். இருட்டத் தொடங்கியதும் காரை மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு எதிரே நிறுத்தினோம். புது விளக்கின் வெளிச்சம் சுவருக்கு மேலே ஓட்டுக்கூரையில் போய் விழுந்தது. இப்படியே போனால் எதிரில் வருபவன் கண் அவிந்துவிடும் என்று அவர் சொல்லச் சொல்ல, பின்னாலிருந்த திருகைத் திருப்பி, இடது விளக்கின் வெளிச்சத்துக்குச் சமமாக இறக்கினேன்.

மறுநாள் திரும்பி வரும்போது ராசிபுரம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். ஒவ்வொரு குழியிலும் சாலையின் வலப்பக்கத்தைப் பார்த்தேன். வெளிச்சம் அசையவில்லை. எதிரே வந்த ஒரு லாரி தூரத்திலேயே டிம் அடித்து ஒதுங்கி வழிவிட்டது. அவர் வழியெல்லாம் தூங்கவில்லை. கண்ணைத் திறந்தே சாலையைப் பார்த்து வந்தார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இன்றும் மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன், விளக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்க் காரின் முன்னால் நின்று பார்க்கிறேன். ஹோல்டர் பக்கம் கைவைத்து ஒரு தட்டும் தட்டுவேன். வாட்ச்மேனுக்கு அது வேடிக்கை. உள்ளேயிருந்து சோர்ந்த குரலில் அவர் கேட்பார், "எரியுதா?"

"ரெண்டும் எரியுதுங்க."

"சரி, வா. போலாம்."