சூளைக்காரர் வீட்டு டிரையர்

1. துணி காயவில்லை

"மிஷினு ஓடுது தம்பி, துணிதான் காய மாட்டேங்குது" என்று கலியமூர்த்தி ஐயா கடைக்குப் போன் செய்தபோது, டிரையர் மாட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. விருத்தாசலத்தில் நான் மாட்டிய முதல் டிரையர் அது.

அதுவரை எங்கள் ஊரில் டிரையர் என்றால், செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மிஷினில் ஓரமாக இருக்கும் சின்னத் தொட்டிதான். துணியை வேகமாகச் சுற்றித் தண்ணீரை உதறும். மிச்ச ஈரத்துக்கு மொட்டைமாடிக் கொடிதான் கதி. பிறகு வந்த ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கும் அதே உதறல்தான். நிஜமான டிரையர் வேறு ரகம். ஹீட்டர் காற்றைச் சூடாக்கும், டிரம் துணியைப் புரட்டும், உள்ளே இருக்கும் விசிறி ஈரக்காற்றை ஹோஸ் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளும். கம்பெனியில் இரண்டு நாள் டிரெயினிங் கொடுத்தார்கள். எல்லாம் தெரிந்துவிட்ட மிதப்பில் ஊர் திரும்பினேன்.

ஐயா செராமிக் யூனிட்டில் சூளை பார்த்து ரிட்டயர் ஆனவர். மனைவி தனலட்சுமி அம்மா பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தார். விரிப்புகளை ஐயாவே துவைப்பார். ஐப்பசி மழையில் எதுவும் காயவில்லை, அம்மாவின் முதுகில் புண் தொடங்கிவிட்டது. ஈர விரிப்பில் படுக்க வைத்தால் புண் பெரிதாகும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். அதற்காகவே வாங்கிய மிஷின் அது.

2. என் கெட்டிக்காரத்தனம்

போய் ஓடவிட்டுப் பார்த்தேன். டிரம் சுற்றியது, பத்து நிமிஷத்தில் சூடு மட்டும் நின்றது. அளவுக்கு மீறிச் சூடானால் ஹீட்டரை நிறுத்தும் தெர்மல் கட்-அவுட் வேலையைக் காட்டியது. அதுதான் பழுது என்று முடிவு கட்டினேன். வெளியே மழை, பின்பக்கம் சேறு. ஹோஸ் முடியும் இடத்தைப் போய்ப் பார்க்கச் சோம்பல்.

ஸ்பேர் சென்னையிலிருந்து வரவேண்டும். பக்கத்து அறையில் அம்மா ஒரு பழைய லுங்கியின் மேல் படுத்திருந்தார். மனசு கேட்கவில்லை. கட்-அவுட்டைத் தாண்டி இரண்டு ஒயரையும் டைரக்டாக இணைத்தேன். எங்கள் தொழிலில் செய்யவே கூடாத காரியம். தெரிந்தேதான் செய்தேன்.

மிஷினை ஓடவிட்டுக் கிளம்பினேன். வண்டி ஜங்ஷனைத் தாண்டவில்லை, போன் வந்தது.

"கருகுற வாசன வருது. ஆஃப் பண்ணிட்டேன். ஒடனே வா தம்பி."

போனால் விரிப்பின் ஓரம் பழுப்பாகியிருந்தது. ஹீட்டர் பக்கம் சேர்ந்திருந்த துணிப்பஞ்சு கருகியிருந்தது. பக்கத்து அறையில் எழுந்து ஓட முடியாத ஒரு மனுஷி.

ஐயா சத்தம் போடவில்லை. "துணியில இருக்குற ஈரம் எந்தப் பக்கமா போவுது?" என்று கேட்டார்.

"பின்னாடி செவுத்துல ஓட்ட போட்டோமே ஐயா, அது வழியாத்தான்."

அவர் முகம் மாறியது. சேற்றில் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஓட்டையில் செங்கல் துண்டு வைத்து, களிமண் அப்பி, ஈரக்கையால் வழித்து அழகாகப் பூசியிருந்தது.

"சூடு வீணா போவுதேன்னு நான்தான் அடைச்சேன். சூள வாய அடைக்காம நெருப்பு வெப்போமா?" என்றவர் தலையில் அடித்துக்கொண்டார். "பச்ச மண்ணு சாமான மொதல்ல காத்தாட காய வெச்சிட்டுத்தான சூளைக்கே ஏத்துவோம்! காய வெக்கிற எடத்தப் போயி சூளைன்னு நெனச்சிட்டேனே."

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "ஐயா, கட்-அவுட்டு நல்லாத்தான் இருந்துது. அது நிறுத்தி நிறுத்திக் காப்பாத்துச்சி. அத நான்தான் எடுத்துட்டேன்."

ஐயா சுவரோரம் கிடந்த கடப்பாறையைக் கையில் எடுத்தார்.

"ஓட்டைய அடைச்சது நானு. காவல எடுத்தது நீயி. ஒண்ணுமே பண்ணாதவ உள்ள படுத்திருக்கா. போ, மொதல்ல அத மாட்டு."

அவர் ஓட்டையை அடைத்த மண்ணைக் குத்தி எடுத்தார். நான் கருகிய பஞ்சைத் துடைத்து, சூடுபட்ட ஒயர்களை மாற்றி, கட்-அவுட்டைப் பழையபடி இணைத்தேன். ஒரு மணி நேரத்தில் வேறொரு விரிப்பு மொரமொரவென்று வந்தது. ஐயா அதை விரித்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தார். அம்மா நல்ல கையால் தடவிப் பார்த்து, "காஞ்சிருக்குது" என்றார், குழறலாக. தை பிறப்பதற்குள் புண் ஆறிவிட்டது.

3. இப்போது

நடந்ததை முதலாளியிடம் நானே சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது நியாயம்தான். இப்போது வரும் கண்டன்சர் மிஷினுக்குச் சுவரில் ஓட்டை வேண்டாம், ஈரம் தண்ணீராகி ஒரு டேங்கில் சேரும். ஹீட் பம்ப் மிஷின் அதே சூட்டைத் திருப்பிப் பயன்படுத்திக் கரண்டை மிச்சம் பிடிக்கிறது. எந்த மிஷினானாலும் ஈரம் வெளியேற வழி வேண்டும். கட்-அவுட் சூட்டை நிறுத்தினால் அதைத் திட்டாதீர்கள், ஏன் நிறுத்துகிறது என்று பாருங்கள்.

பழைய மாடல் வீட்டுக்குப் போனால், மழையோ சேறோ, இன்றும் முதலில் கொல்லைப்பக்கம்தான் போவேன். "மிஷினு உள்ள இருக்குதுங்க, எங்க போறீங்க?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே போவேன். அன்று அந்தப் போன் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால், நான் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்க மாட்டேன். முப்பது வருஷம் சூளைப் புகையில் பழகிய ஐயாவின் மூக்குக்கு நன்றி.