கயிற்றில் இறங்கி வந்த எண்கள்

காலை ஐந்து பத்துக்கு மின்சாரம் வந்தது. பின்னாலேயே அந்த மின்னஞ்சலும் வந்தது. பவானி அதை இரண்டு முறை படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"கிடைச்சிடுச்சும்மா."

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் இடம். அரிசி களைந்த ஈரக்கையோடு அம்மா கனகாம்பாள் பால்கனிக்கு ஓடினாள்.

பர்மாவில், இந்த யாங்கோனில் பவானி படித்த மருத்துவம், ராணுவ ஆட்சி வந்ததில் இரண்டாம் ஆண்டோடு நின்று நாலு வருஷமாகிறது. லான்மடா பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டேதான் விண்ணப்பம் போட்டாள். அதில் கடைசியாக ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள்: நீங்கள் பட்ட துன்பம் என்ன, அது உங்களை எப்படி வேறுபட்ட மருத்துவராக்கும்?

மாமா மகன் முரளிதரன் இரண்டு பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்தவன். "அத்தான் சொல்றதைக் கேளு. உங்கப்பா செத்ததைப் போடு, ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில நின்னதைப் போடு. படிக்கிறவன் அழணும்."

அப்படியே எழுதினாள். ஐந்நூறு சொல்லிலும் அப்பா சபாபதி மூச்சுத் திணறிக்கொண்டே கிடந்தார். தமிழில் சொல்லிக் காட்டியபோது கனகாம்பாள் கேட்டாள்: "அவரை எழுப்பித் திரும்பவும் சாகடிச்சு சீட்டுக் கேக்கிறியாடி?"

அன்று பவானி எழுந்து பால்கனிக்கு வந்தாள். அவர்கள் குடியிருக்கும் பபேடான் பேட்டையில் மாடிவீடு ஒவ்வொன்றிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பரும் காய்கறியும் அதில்தான் ஏறும். கொரோனா சமயத்தில், அப்பா போன ஏழாம் நாள், அவருக்கென்று வாங்கிய ஆக்சிமீட்டரோடு அவள் தெருவில் இறங்கினாள். கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். மாடியிலிருப்பவர்கள் கருவியை மேலே தூக்கி விரலில் மாட்டி, அது காட்டும் ஆக்சிஜன் அளவைச் சீட்டில் எழுதி இறக்குவார்கள். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த வீடு. எவருக்கு முதல் சிலிண்டர் என்று அந்தச் சீட்டுகளைப் பார்த்து, சிலிண்டர் சுமந்த தெருப் பையன்களுக்கு அவள்தான் சொன்னாள். ஒரே கருவி, நாற்பத்தொரு வீடு.

கட்டுரையைக் கிழித்துவிட்டு இதை எழுதினாள். அப்பாவின் சாவுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

முரளிதரன் தலையில் கைவைத்துக்கொண்டான். "சொட்டுக் கண்ணீர் இல்லையே. நீ டாக்டர் சீட்டுக் கேக்கிறியா, தபால்காரர் வேலை கேக்கிறியா?"

கனகாம்பாள் மட்டும், "அனுப்பு" என்றாள்.

இப்போது, மின்னஞ்சல் வந்த இந்தக் காலையில், அம்மா பால்கனியில் நின்று தெருவுக்கே சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் மணி அடித்தது. கீழே டீக்கடை அப்துல் அஜீஸ்.

"டாக்டரம்மா, இழுங்க. பரோட்டா ஆறுது."

"இன்னும் ஆகலை பாய். படிக்கவே அஞ்சு வருஷம் இருக்கு."

"என் எண்பத்தெட்டைப் பார்த்துச் சிலிண்டர் அனுப்பினீங்களே, அன்னைக்கே ஆயிட்டீங்க."

பவானி சிரித்துக்கொண்டே இழுத்தாள், மெதுவாக. கயிறு பிரிபிரியாகத் தேய்ந்திருந்தது. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் அப்பா வாங்கி வந்த புது நைலான் கயிறு பக்கத்து ஆணியில் சுருளாகத் தொங்குகிறது. ஒரு முனையில் முடிச்சுப் போட்டிருக்கிறார். கிளிப் இன்னும் மாட்டவில்லை.