வால்டோமிரோவுக்கு அடித்த மணி

எஃபிஜேனியா ஒருமுறை இருமினால் பிரேசில் மலையூர் ஓரோ பிரேட்டோவின் மாதா கோவில் மணிகளெல்லாம் தாமாக ஆடும். கடலுக்கு அந்தப் பக்கம் போர்ச்சுகலின் லிஸ்பனில், செத்து இருநூறு வருஷமான ராஜாக்கள் எழுந்து உட்கார்ந்து, இங்கிருந்து அள்ளிப்போன தங்கத்தைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். ஆடே மூச்சு வாங்கும் இந்தச் செங்குத்துத் தெருக்களில் அறுபத்திரண்டு வயதில் அவள் பேசிக்கொண்டே ஏறுவாள். பின்னால் வரும் சுற்றுலாக்காரர்கள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடுவார்கள்.

இருபத்தெட்டு வருஷமாக அவள் பிழைப்பு அதுதான். அவள் வீட்டுக் கொல்லையில், கோழிக்கூண்டுக்குப் பின்னால், பழைய தங்கச் சுரங்கம் ஒன்றின் வாய் இருக்கிறது. ஆட்களைக் குனிய வைத்து உள்ளே கூட்டிப்போவாள். விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு கதை சொல்வாள். ஐந்து தலைமுறைக்கு முன்னால் அதே பொந்தில் அடிமையாக மண் சுமந்த ஃபெலிசார்டாவின் கதை. பொடிப்பொடியாகத் தங்கம் சேர்த்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டவள். அவள் செத்த அன்று இந்த மேட்டு ஜனம் மொத்தமும் பாடைக்குப் பின்னால் நடந்தது.

எதிர்வீட்டில் விடுதி வைத்திருக்கும் வால்டோமிரோவுக்கு இது பொறுக்கவில்லை. சுரங்கம் இடிந்து விழப்போகிறது என்று மேலிடத்துக்கு மனு போட்டான். ஆட்கள் வந்து செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். இரண்டே மாதத்தில் அவன் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் ஒரு சுரங்கம் முளைத்தது. வண்ண விளக்கு, தலைக்கவசம், வாசலில் பலகை. பலகையில், ‘எங்கள் குடும்பத்தின் விசுவாசமான அடிமை ஃபெலிசார்டா.’

பிழைப்பு போனதை எஃபிஜேனியா முட்டை விற்றுச் சமாளித்தாள். ‘விசுவாசமான’ என்ற வார்த்தைதான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. பலகையை எடுக்கச் சொல்லி நேரிலேயே போய்க் கேட்டாள். வால்டோமிரோ பல் குத்திக்கொண்டே சொன்னான்: “கதைக்கு என்ன பட்டாவா இருக்கு, தோனா எஃபிஜேனியா? செத்தவங்க யாருக்கும் சொந்தமில்ல.”

அன்று வீட்டில் பயறுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். அதைத் தின்றுகொண்டே யோசித்தாள்.

இந்த மலையில் துக்க மணி அடித்தால் எல்லோரும் கையிலிருப்பதை அப்படியே நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். இரண்டு என்றால் பெண், மூன்று என்றால் ஆண். மணி அடிக்கிற தார்சீசியோ அவளுடைய ஞானப்பிள்ளை. கோபுரத்துச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை மதியம் அவன் பல் பிடுங்கப் போயிருந்தான். மூன்று மணிக்கு அவள் மேலே ஏறி, நிறுத்தி நிதானமாகத் துக்க மணியை மூன்று தடவை அடித்தாள்.

இறங்கி நேராக ரொட்டிக் கடைக்குப் போனாள். யாரு, யாரு என்று அங்கே ஒரே விசாரிப்பு. எஃபிஜேனியா பொய் சொல்லவில்லை. கடைக்காரி இராசில்தாவிடம் மெதுவாக ஒரு கேள்விதான் கேட்டாள்: “இன்னிக்கு யாராச்சும் வால்டோமிரோவைப் பாத்தீங்களா?” இராசில்தா நெஞ்சில் கைவைத்தாள். மீதியை அவள் வாய் பார்த்துக்கொண்டது.

கால்மணி நேரத்தில் சவப்பெட்டிக்காரர் அளவுநாடாவோடு போய் நிற்க, வால்டோமிரோவே கதவைத் திறந்தான். அப்போதே தெருவில் இறங்கி, உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். அவனுக்கு ஆசை வந்துவிட்டது. யார் யார் அழுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சவப்பெட்டிக்காரர் வாயை அடைத்து அனுப்பினான். வாசல் கதவை ஒருக்களித்து வைத்து, ஜன்னல்களைச் சாத்தி, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். கூட்டம் சேர்ந்ததும் எழுந்து நிற்பதாகத் திட்டம்.

ஜன்னல் இடுக்கு வழியாக முதலில் வந்து சேர்ந்தது, பக்கத்து மதுக்கடையில் டாமினோ ஆடுகிறவர்களின் பேச்சு.

“வால்டோமிரோ போயிட்டானாம்.”

“ம். உன் ஆட்டம்தான், போடு.”

எஃபிஜேனியா தன் ஜன்னலிலிருந்து கண்காணித்தாள். நான்கு மணி ஆயிற்று. விடுதியில் தங்கியிருந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மாடியின் வெளிப்படி வழியாக, செத்தவனை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் நுனிக்காலில் நழுவினார்கள். ஐந்து ஆயிற்று. ஒருத்தரும் வரவில்லை. துக்க வீடு என்றால் காபிக்காகவாவது வரும் கிழவர்கள்கூட எதிர்ச்சாரியில் நடந்தார்கள்.

ஆறு மணிக்கு அவள் தெருவைக் கடந்தாள், கையில் திருப்புளியோடு.

“ஃபெலிசார்டா போனப்ப இந்த மேடே கூட நடந்துச்சு. மண்ணு சுமந்தவ அவ. உனக்கு மூணு மணி நேரமா கதவு திறந்து கிடக்கு. எத்தனை பேரு வந்தாங்க? எண்ணிச் சொல்லு பாப்போம்.”

அவன் வாசலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “மணி அடிச்சது நீதானா?”

“நான்தான். நாளைக்கு நெசமாவே அடிக்கறப்பவும் இதே கூட்டம்தான் வரும்.” திருப்புளியை நீட்டினாள். “அவ பேரைக் கழட்டு.”

கறுப்புக் கோட்டோடு நாற்காலி மேல் ஏறி நான்கு திருகாணிகளையும் அவனே கழற்றினான். மூன்றாவது துருப்பிடித்திருந்தது. நாற்காலி ஆடியது. எஃபிஜேனியா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

கோவில் திருவிழா மலருக்காக எழுதிய இதை, அச்சுக்குப் போகும் முன், பள்ளிக்கூடம் விட்டதும் சட்டைகூட மாற்றாமல் போய் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. பயறில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். லிஸ்பன் ராஜாக்களைக்கூட ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டாள். ‘ஒருத்தரும் வரவில்லை’ என்ற இடத்தில் கை நின்றது.

“பொய். அஞ்சரைக்குச் சந்துப் பக்க வாசப் படியில ஒரு ஆளு நீலப் பூங்கொத்தை வெச்சுட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டே ஓடுச்சு. அவன் கண்ணுல படறதுக்குள்ள நான் போயி எடுத்து என் கோழிக்குப் போட்டேன். இல்லாட்டி ஆறு மணிக்கு எந்த முகத்தோட எண்ணச் சொல்றது?”

பால்காரராக இருக்கலாம் என்று, வாசித்துக்கொண்டிருந்த வாயிலிருந்து அவசரமாகப் பதில் வந்தது.

எஃபிஜேனியா ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். “பால்காரன் பள்ளிக்கூடச் சட்டை போட மாட்டான்.”